சவரிமுத்து மகள் அன்னம்மாள்

எங்கள் சந்தின் குழாயடியில் நின்று ‘அன்னம்மா’ என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேராவது குடத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ராயபுரத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஆண்களெல்லாம் அந்தோணியாகவும் சூசையாகவும் சவரிமுத்துவாகவும் இருந்தார்கள். பெண்களுக்கும் அப்படியே, கைவிரலில் எண்ணிவிடலாம். பிள்ளை பிறந்தால் பெயர் தேடி அலையும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அதைப் புனிதர்கள் முன்பே தேடி வைத்திருந்தார்கள். அது ஒரு வசதி என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தோம்.

என் அத்தையும் ஓர் அன்னம்மாள். நைனாவுக்கு ஒரே தங்கை. தாத்தா சவரிமுத்து, நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஹார்பருக்கு வெளியே ஒரு கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைக்கும் வேலை அத்தைக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடியிலும் புருவத்திலும் சணல் தூசி படிந்து, ஒரே பகலில் கிழவியாகிவிட்டவள் மாதிரி இருப்பாள். குளித்துவிட்டு வந்தால் மறுபடியும் சின்னப் பெண். முன்கோபக்காரி. ஆனால் எனக்குத் தலை பின்னுவது அவள்தான். அம்மா பின்னினால் வலிக்கும் என்று நான் அவளிடமே போவேன்.

அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திருவொற்றியூர்க்காரர், ரயில்வேயில் வேலை. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை படிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் எல்லோர் முன்னிலும் வாசிப்பார். முதல் ஓலை படித்தாகிவிட்டது. சவரிமுத்து மகள் அன்னம்மாள் என்று சாமியார் வாசித்தபோது அத்தை முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். தடை இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

அந்த வாரத்திலேயே போலீஸ்காரர்கள் வந்தார்கள். காலை நேரம். அத்தை எனக்கு ஒரு பக்கத்துச் சடையைப் பின்னி முடித்து, மறுபக்கத்து முடியைக் கையில் பிடித்திருந்தாள். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். சந்து முனைக் கடைக்காரர் வழி காட்ட வந்தவராக அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

“சவரிமுத்து பொண்ணு அன்னம்மா யாரு?”

“நாந்தான். இன்னா வோணும்?” என்றாள் அத்தை, வாயில் ரிப்பனைக் கடித்தபடி.

சாராயம் விற்ற வழக்கில் வாய்தாவுக்கு வராததால் அவளைப் பிடித்துவரச் சொல்லி கோர்ட்டு வாரண்டு போட்டிருக்கிறது என்றார் வயதான போலீஸ்காரர். மதுவிலக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சாராய வழக்குகள் அந்தப் பக்கத்தில் புதிதில்லை. அத்தை முதலில் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் கூடச் சிரித்தார்கள். “இவளா? சாராய வாட பட்டாலே வாந்தி எடுக்குமே இது” என்று ஒருத்தி சொன்னாள். போலீஸ்காரர் காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். பெயர் சரி, அப்பா பெயர் சரி, சந்தும் சரி. “எனுக்கு இன்னாம்மா தெரியும்? நீ அங்க வந்து சொல்லிக்க” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் அத்தையும் கோபப்பட்டிருப்பாள். அவளுக்கு அது நன்றாக வரும். அவர் சாதாரணமாகச் சொன்னதில்தான் அவள் முகம் மாறியது. சந்தின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, அவர்களுக்கு நடுவில் செருப்பில்லாமல் நடந்து போனாள். ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் விரிந்த முடியுமாக நான் அன்று முழுக்கத் திரிந்தேன். அம்மா பின்னிவிடக் கூப்பிட்டபோது, அத்தை வந்து பின்னட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நைனா ஹார்பரில் விஞ்சு ஓட்டுபவர். கப்பலிலிருந்து ஆளுயர மூட்டைகளைத் தூக்கி இறக்குகிற மனிதர், காக்கிச் சட்டையைக் கண்டால் தெருவின் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுவார். அவர் வேலை உடுப்போடு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த பதிலை அம்மாவிடம் பல தடவை சொன்னதால் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது: “எல்லாரும் நான் அவ இல்லன்னுதான் சொல்றாங்க. சரிப்பா, இவ அவ இல்ல. அப்போ அவ யாரு? எங்க கீறா? அவள காட்டு, இவள வுட்டுர்றோம்.”

சாமியாரிடம் ஓடினார்கள். அவர் நல்லவர், உடனே உட்கார்ந்து, இந்தப் பெண் சவரிமுத்துவின் மகள் அன்னம்மாள், இந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவள், ஒழுக்கமானவள் என்று எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தார். கோர்ட்டில் அதை வாங்கிப் படித்தார்களாம். சவரிமுத்துவின் மகள் அன்னம்மாள் என்றுதானே வாரண்டிலும் இருக்கிறது என்றார்களாம். சாராயம் விற்றவளை முதலில் பிடித்த போலீஸ்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவர் வந்து பார்த்துச் சொல்லும் வரைக்கும் ஜெயிலில் வைக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. ஜாமீன் கேட்டதற்கு, ஒரு தடவை ஜாமீனில் போய்த்தானே காணாமல் போனாள் என்று பதில் வந்தது. ஒவ்வொரு பதிலும் சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டாவது ஓலை படிக்கவில்லை. வேறு யார் யாருக்கோ படித்தார்கள். எங்கள் பெஞ்சை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த இன்னொரு அன்னம்மாள் யார் என்பது அதற்குள் சந்துக்குத் தெரிந்துவிட்டது. சந்துக் கடைசியில் இருந்த குடிசையில் கொஞ்ச நாள் குடியிருந்தவள், யாரோடும் பழகாதவள். கட்டுமரத்தில் போன புருஷன் திரும்பவில்லை. அப்போது வயிற்றில் ஒரு பிள்ளை வேறு. பிறகு ஒரு நாள் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எண்ணூர்ப் பக்கம், உப்பளத்துக் கிட்டே எங்கோ என்று குடிசைக்குச் சொந்தக்காரி சொன்னாள். எல்லோரும் அதைச் சொல்லிவிட்டு, “பாவம், அவ இன்னா பண்ணுவா” என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

நைனா எண்ணூருக்குப் போகவில்லை. ஹார்பருக்குப் போனார், வந்தார், சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா பொறுத்துப் பார்த்தாள். திருவொற்றியூரிலிருந்து ஆள் வந்து, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போன அன்று அவளால் பொறுக்க முடியவில்லை.

“உன் தங்கச்சி அங்க குந்திகினு கீறா. நீ இங்க குந்திகினு கீற. யாரோ ஒருத்திக்காக உன் தங்கச்சி வாழ்க்க போவணுமா?”

நைனா மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, “பாப்பாவ கெளப்பு, நான் இட்டுகினு போறேன்” என்றார். அவர் என்னை மட்டும் தனியாக எங்கும் கூட்டிப்போனதே இல்லை. கோயிலுக்குப் போடும் கவுனை அம்மா எடுத்து மாட்டிவிட்டாள்.

ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலேறினோம். கரித்தூள் கண்ணில் விழ விழ நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. எண்ணூரில் இறங்கி வெகுதூரம் நடந்தோம். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் பாத்தி பாத்தியாக உப்பளம். வெயிலில் கண் கூசியது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நைனா அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் அவர் செருப்பைப் பார்த்தார்கள், துவைத்த சட்டையைப் பார்த்தார்கள். “அப்டி யாரும் இங்க இல்லீங்களே” என்றார்கள். அவர்களில் ஒருவர் தன் வீட்டு அன்னம்மாளைப் பற்றிக்கூட வாயைத் திறக்கவில்லை என்பது, பின்னாலிருந்து யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது தெரிந்தது. திரும்பிப் பார்த்தவள் அவர் பக்கத்திலேயே உப்பு வாரிக்கொண்டிருந்த பல் போன கிழவி.

ஏழெட்டுக் குடிசைகள் இருந்த ஒரு இடத்தில் நைனா நிழலில் உட்கார்ந்துகொண்டு என்னை விளையாடச் சொன்னார். தண்ணீர் வற்றிய ஓடையில் பிள்ளைகள் நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என் உயரமிருந்த பெண் ஒருத்தி, கவுனில் சேறு படாமல் தூக்கிச் செருகச் சொல்லிக் கொடுத்தாள். நண்டின் கொடுக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் காட்டினாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அன்னம்மா அத்தை என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

“எங்கம்மா பேருகூட அதான். வா, எங்க தம்பிய காட்றேன்.”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கடைசிக் குடிசை. உள்ளே ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சின்னப் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. நைனா குனிந்து நின்றிருந்தார்.

அவள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். பயந்துதான் எழுந்தாள், என்னைப் பார்த்துவிட்டு, பிள்ளையோடு வந்த மனிதர்தானே என்று முகம் தளர்ந்தாள். நைனா குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் பானையைச் சாய்த்து, தம்ளரைக் கழுவி, மொண்டு கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். கொஞ்சம் உப்புக் கரித்தது.

“நீ சவரிமுத்து பொண்ணுதானம்மா?” என்றார் நைனா.

“எங்க நைனாவ தெரியுங்களா?” என்று அவள் கேட்டாள். தன் அப்பாவைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போதெல்லாம் வருவதில்லை என்றாள். குந்துங்க, வெயிலு சாய்ஞ்சதும் போகலாம் என்று ஒரு பாயை உதறிப் போட்டாள். நைனா உட்காரவில்லை. தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, “வரேம்மா” என்று மட்டும் சொன்னார்.

நண்டு பிடித்த அந்தப் பெண் எங்களோடு தோப்பு வரைக்கும் வந்து கையை ஆட்டினாள். திரும்பும் வழியில், மறுபடியும் எப்போது இங்கே வருவோம் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். “போலாம், போலாம்” என்றார் நைனா. அவர் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. வலிக்கிறது என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

மறுநாள் காலை அவர் ஸ்டேஷனுக்குப் போனார். அதற்கடுத்த நாள் சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று வீடு பண்டிகை மாதிரி இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மா அத்தைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். வஞ்சிர மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். அத்தை தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைத் தொடாமல் நைனாவைப் பார்த்தாள்.

“அவள யாரு காட்னது?”

“நாந்தான்.”

“கைல பால்குடி கொயந்த கீது. அத பாத்தியா நீ?”

“பாத்தேன்.”

கோர்ட்டு வாசலில் ஒருத்தியை உள்ளே கூட்டிப்போகும்போதுதான் இன்னொருத்தியை வெளியே விட்டிருக்கிறார்கள். குழந்தையோடு ஜெயிலுக்குப் போனாளாம். அவளுக்குப் பெரிய பெண் ஒன்று இருக்கிறதாமே, ஜீப்பின் பின்னாலேயே ஓடிவந்ததாமே, அது எங்கே போயிற்று என்று அத்தை கேட்டாள். நைனாவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தது அவள், அதற்கு நீ ஏன் உள்ளே இருக்க வேண்டும், உன்னைக் கொண்டுவர இவர் என்ன பாடுபட்டார் தெரியுமா என்று அழுதாள். “நான் தப்பு சொல்லல அண்ணி” என்றாள் அத்தை. உண்மையிலேயே யாரும் யாரையும் தப்பு சொல்லவில்லை. எல்லோர் பக்கமும் நியாயம் இருந்தது. சண்டைக்கே வழி இல்லாமல் வீடு அப்படி அமைதியாகிவிட்டது.

விடிந்ததும் அத்தை கிளம்பிப் போனாள். கோணிக் கிடங்குக்குத்தான் போகிறாள் என்று நினைத்தோம். பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். குடிசைகளில் ஒருவர் மாற்றி ஒருவர் சோறு போட்டுக்கொண்டிருந்தார்களாம். அவளைப் பார்த்ததும் நான் ஓடிப்போய் நண்டு கொண்டுவந்தாயா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு நைனாவைப் பார்த்தாள். அத்தையின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மழைக்காலம் முழுக்க அவள் எங்களோடு இருந்தாள். என் பாயிலேயே படுத்தாள். யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவினாள், குழாயடியில் இடம் பிடித்தாள். அழுததில்லை. என்னோடு விளையாடினாள், ஆனால் உப்பளத்தில் சிரித்த மாதிரி சிரிக்கவில்லை. நைனா ஹார்பரிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நைனா அவளுக்கு ஒரு கவுன் வாங்கி வந்தார். அம்மா கொடுத்தபோது வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவரை மாமா என்றோ நைனா என்றோ அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு வாங்காமல் அவளுக்கு மட்டும் கவுன் வாங்கினாரே என்று நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூர்க்காரர்கள் மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். கோர்ட்டே விட்டுவிட்டதால் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையாம், விட்ட ஓலையைப் படித்துவிடலாமாம். இந்தப் பிள்ளையின் அம்மா வெளியே வரட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். அவர்கள் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு மணலிப் பக்கம் வேறு பெண்ணை எடுத்தார்கள். அந்த ஓலையும் எங்கள் கோயிலில் படிக்கவில்லை என்பதால் யாருக்கும் சங்கடமில்லை.

சந்தில் நைனாவோடு பேச்சு குறைந்துபோயிற்று. யாரும் சண்டைக்கு வரவில்லை. அவர் வந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள், அவ்வளவுதான். எங்கள் வாசலைப் போலீஸ்காரர்களுக்குக் காட்டிய கடைக்காரரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்றிருப்பார். ஒரு தடவை குழாயடியில் ஒருத்தி அம்மாவிடம், “உன் ஆம்பள போலீஸ்ல சேந்துட்டாரா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அம்மா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். நைனா அதற்குப் பிறகு கோயிலில் பின்பக்கச் சுவரோரம் நிற்க ஆரம்பித்தார். எங்களோடு பெஞ்சில் உட்காரவில்லை.

மழை விட்டு வெயில் தெளிந்திருந்த ஒரு நாள் அவள் வந்தாள். தண்டனை முடிந்து நேராக எங்கள் சந்துக்கு வந்திருந்தாள். இடுப்பில் பிள்ளை. ஆள் பாதியாகியிருந்தாள், பிள்ளை மட்டும் வளர்ந்து தலை நிமிர்த்திப் பார்த்தது. நைனா அன்று வீட்டில் இருந்தார். அவள் சந்துக்குள் நுழைவதைப் பார்த்தவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக ஹார்பருக்குப் போய்விட்டார். அன்று அவருக்கு வேலை இல்லை என்று எனக்குத் தெரியும்.

அத்தை எவ்வளவு கூப்பிட்டும் அவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஒரே பெயரும் ஒரே அப்பா பெயரும் உள்ள இரண்டு பேரும் அப்படி நின்றார்கள். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் அதைப் பார்த்தாள்.

“தண்ணி கேட்டாரு. மொண்டு குடுத்தேன். அவ்ளோதாம்மா எனுக்கு தெரியும்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை அந்தப் பெண்ணின் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கழித்து அம்மாவைப் பார்க்கிறவள் பாய்ந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நான் நினைத்தேன். அவள் ஓடவில்லை. என் கையைப் பிடித்து வீட்டின் பக்கவாட்டில், யாரும் பார்க்காத இடத்துக்குக் கூட்டிப்போனாள். அவள் உதடு காய்ந்திருந்தது. என் காதில் வாயை வைத்துச் சொன்னாள்.

“அன்னிக்கு வூட்ட காட்னது நாந்தான்னு எங்கம்மா கைல சொல்லிடாத.”

எதற்கு என்று கேட்டேன். அம்மா அடிப்பாளா என்று கேட்டேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். “சொல்லிடாத” என்று மட்டும் திரும்பவும் சொன்னாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். விளையாட வந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தம்பியைக் காட்டியதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, இதற்குப் போய் ஏன் இவள் இப்படிக் கெஞ்சுகிறாள் என்றுதான் நினைத்தேன்.